அடுப்பறிந்த பெருமகன்

பெருமக்கள் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் யாவர்? அரசர், புலவர், படைத்தலைவர், நாட்டுத் தொண்டர் ஆகியோரே வருவர். மாணவர் மன்ற இதழ்களிலும் இத்தகையோரின் வரலாறுகளையே நாம் பெரிதும் எழுதுகிறோம்; படிக்கிறோம். அதில் தவறொன்றும் இல்லை. ஆயினும், நாள்தோறும் நாம் உண்ணும் பண்டம் ஒன்றை இந்த மண்ணில் வேரூன்றச் செய்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அப்படி எண்ணத்தக்க ஒருவர், வட மலபாரின் தலைச்சேரியில் ரொட்டி அடுப்பின் முன் நின்று வாழ்ந்த மம்பள்ளி பாப்பு.

அவரைப் பற்றி நான் அறிய நேர்ந்தது ஒரு பிறந்தநாளால்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதி நண்பர் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்தது. அதற்குச் சில திங்கள் முன்புதான் அவர் தந்தையார் காலமாகியிருந்தார். கொண்டாட்டம் எதுவும் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த நாளை வெறுமையாகக் கழிய விட எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் நால்வர், நால்வரும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள். மாதக் கடைசியாதலால் கடையில் கேக்கு வாங்கும் நிலையில் ஒருவரும் இல்லை. எங்களுள் ஒருவருடைய அக்காள் வீட்டில் செய்கின்ற அடுக்குப் பிஸ்கோத்துப் பண்டம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது.

செய்முறை எளியது. 200 கிராம் பிஸ்கோத்தைப் பொடித்து, 100 கிராம் வெண்ணெயை உருக்கி அதில் பிசறி, தகரத் தட்டில் அழுத்திப் பரப்ப வேண்டும். இது முதல் அடுக்கு. அதன்மேல் உடைத்த முந்திரிப் பருப்பு. அதன்மேல் சீவிய சாக்லேட்டு. அதன்மேல் தேங்காய்த் துருவல். எல்லாவற்றின்மீதும் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டப்பாப் பாலை ஊற்றிச் சூட்டில் வைத்தால், பால் அடுக்குகளினூடே இறங்கி அவற்றை ஒன்றாகப் பிணைத்துவிடும். நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டோடு கத்தியை வைத்தால் அடுக்குக் குலைந்து போகும். ஆளுக்கொரு பொருளாகக் கொண்டு வந்தோம். தேங்காய் ஊரிலிருந்து வந்திருந்தது.

எல்லாம் இருந்தன, அடுப்பு மட்டும் இல்லை. விடுதியின் பின்புறத் தெருவில் சிறிய ரொட்டிக்கடை ஒன்று உண்டு. ரொட்டிக்கடையின் செங்கல் அடுப்பை மலையாள நாட்டில் போர்மா என்பார்கள். மாலை பன் வெந்து வெளியே வந்தபின், அந்தக் கடைப் பெரியவர் எங்கள் தட்டை போர்மாவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். காசு வாங்க மறுத்துவிட்டார். காத்திருந்த அரைமணி நேரத்தில், இந்தத் தொழிலுக்கெல்லாம் மூத்தவர் தலைச்சேரியில் இருந்தார் என்று சொல்லி, பாப்புவின் கதையைச் சிறிது எடுத்துரைத்தார்.

பண்டம் நன்றாகவே வந்தது. ஆனால் விடுதியில் அதைத் துண்டு போட்டபோது, அங்கு வந்த மாணவர் ஒருவர், இது கேக்கு அன்று, காசில்லாதவர்கள் செய்த போலி என்று சொல்லிச் சிரித்தார். நண்பரின் முகம் வாடியதை நான் கண்டேன். மறுமொழி சொல்ல அன்று எங்களுள் ஒருவருக்கும் வாய் எழவில்லை. எனக்குக் கிடைத்திருந்த பாதி விடை அந்தப் போர்மாவின் அருகில் கேட்டது. மறுபாதியைப் பின்னர் நூல்நிலையத்தில் தேடினேன். அந்தத் தேட்டமே இக்கட்டுரை.

தலைச்சேரியைச் சற்றே மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அரபிக் கடலோரத்தில், 1708-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. மிளகும் ஏலமும் பட்டையும் மலையிலிருந்து இறங்கிக் கப்பலேறிய துறை. பாப்பு வாழ்ந்த காலத்தில் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. திருவனந்தபுரம் வேறோர் அரசின் தலைநகர். தலைச்சேரியோ மதுரையோடும் நெல்லையோடும் ஒரே மாகாணத்தில் இருந்தது. 1956-க்குப் பிறகு வந்த நமக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

அக்காலத் தலைச்சேரி அறிவும் தொழிலும் ஒருங்கே கிளைத்த ஊர். அதன் இல்லிக்குன்றில் தங்கியிருந்தே குண்டர்ட் பாதிரியார் 1847-இல் மலையாளத்தின் முதல் செய்தித்தாளை வெளியிட்டார். அவருடைய பேரகராதி 1872-இல் வந்தது. இந்துலேகா என்னும் நாவலை 1889-இல் தந்த சந்து மேனனும் தலைச்சேரிக்காரரே. இந்திய சர்க்கஸ் கலைக்குத் தந்தை எனப் போற்றப்படும் கீலேரி குஞ்ஞிக்கண்ணனும் அவ்வூர்க்காரரே. கேக்கு, சர்க்கஸ், கிரிக்கெட்டு என்னும் மூன்றும் தலைச்சேரியின் பெருமைகள் என்று இன்றும் அவ்வூரார் சொல்லிக்கொள்வர். அம்மூன்றனுள் முதலாவது பாப்புவின் கையால் வந்தது.

பாப்பு பிறவியிலேயே ரொட்டி சுடுபவர் அல்லர், வணிகர். அவருடைய குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு இது. அவர் கடல் கடந்து பர்மாவுக்குச் சென்று வாணிகம் செய்தார். எகிப்தில் இருந்த ஆங்கிலப் படையினருக்குப் பாலும் தேயிலையும் ரொட்டியும் கப்பலேற்றி அனுப்பினார். நம் செட்டிநாட்டாரும் பிறரும் பர்மாவிலிருந்து பொருள் கொண்டுவந்தனர். பாப்பு கொண்டுவந்ததோ ஒரு கைத்தொழில். பிஸ்கோத்துச் சுடும் முறையை அவர் அங்கே கற்றார். கற்றதோடு நில்லாமல், ஊர் திரும்பி 1880-இல் ராயல் பிஸ்கட் பாக்டரி என்னும் பெயரில் தலைச்சேரியில் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

இதன் துணிவை இன்று நாம் உணர்வது கடினம். மலபார் அரிசி உண்ணும் நாடு. கோதுமை அங்கே விளைவதில்லை. ரொட்டியும் பிஸ்கோத்தும் வெள்ளைக்காரர் மேசைக்கு உரியவை என்ற எண்ணமே மக்களிடம் இருந்தது. பாப்புவோ வெள்ளையருக்கு மட்டும் விற்றுப் பிழைக்க எண்ணவில்லை. தெருவில் போகும் நம்மவரும் வாங்கி உண்ண வேண்டும் என்று விரும்பினார். ரொட்டி, பன், ரஸ்கு ஆகியவற்றோடு ஏறக்குறைய நாற்பது வகைப் பிஸ்கோத்துகள் அவருடைய கூடத்திலிருந்து வந்தன என்று குடும்பத்தார் கூறுவர்.

ரொட்டி மாவு பொங்குவதற்கு ஈஸ்டு வேண்டும். அன்று கடல்வழி வரும் ஈஸ்டு உயிரோடு ஊர் வந்து சேர்வது அரிது. மாவைப் பொங்கச் செய்வது ஓர் உயிர்ப்பொருள் என்பதையே 1850-களின் இறுதியில்தான் பாஸ்டர் பிரான்சில் ஆய்ந்து நிலைநாட்டினார். பாப்பு அந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஆப்பத்துக்கு மாவு கரைக்கும் மலையாள நாட்டுப் பெண்கள் கள்ளைச் சிறிது ஊற்றி வைப்பதை அவர் கண்டிருப்பார். கள்ளில் இயற்கையாகவே அந்த நுண்ணுயிர் உண்டு. ஆகவே அவருடைய கூடத்தில் கோதுமை மாவு கள்ளினால் பொங்கியது. சீமைப் பண்டத்துக்கு நம் ஊர்த் தென்னை உயிர் கொடுத்தது!

அடுப்பின் நுட்பமும் அறியத்தக்கது. விறகை எரித்துச் செங்கல் நன்கு சூடேறிய பின் தணலை வாரி வெளியே எடுத்துவிடுவர். செங்கல்லில் தேங்கிய சூடே பண்டத்தை வேகவைக்கும். கடுஞ்சூட்டில் முதலில் ரொட்டி. சூடு தணியத் தணியப் பன்னும் பிஸ்கோத்தும். எல்லாம் முடிந்தபின் எஞ்சிய வெதுவெதுப்பில் இரவெல்லாம் ரஸ்கு உலரும். அளவுகோல் ஏதும் இன்றி, கையை உள்ளே நீட்டியே அனுபவசாலி சூட்டை அறிவார். எங்கள் தட்டு வெந்ததும் இப்படித் தணிந்துகொண்டிருந்த சூட்டில்தான்.

இனி, பாப்புவின் பெயரை நிலைநிறுத்திய நிகழ்ச்சிக்கு வருவோம்.

தலைச்சேரிக்குக் கிழக்கே சில கல் தொலைவில் அஞ்சரக்கண்டி என்னும் ஊரில் பெரியதொரு பட்டைத் தோட்டம் இருந்தது. பிரவுன் குடும்பத்தாருக்கு உரியது அது. 1883-ஆம் ஆண்டு நவம்பரில், அத்தோட்டத்தின் உரிமையாளரான மர்டாக் பிரவுன் பாப்புவின் கடைக்கு வந்தார். கிறிஸ்துமசுக்குப் பிளம் கேக்கு வேண்டும். அதைச் செய்ய இயலுமா என்று கேட்டார். மாதிரிக்காக இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கு ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருந்தார். அதுவரை பாப்பு கேக்குச் செய்தவர் அல்லர். பிரவுன் செய்முறையை விளக்கினார். கொக்கோ, பேரீச்சை, உலர்ந்த திராட்சை முதலியவற்றைத் தந்தார். பிராந்தியை அருகிலுள்ள பிரெஞ்சு ஊராகிய மாகேயிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி சொல்லிச் சென்றார்.

பாப்பு மாதிரிக் கேக்கை உண்டு பார்த்தார். அவருடைய தொழிலறிவு வெளிப்படுவது இதற்கு அடுத்த படியிலேதான். கேக்கு வார்க்கும் அச்சு தலைச்சேரியில் இல்லை. தர்மடத்துக் கொல்லர் ஒருவரிடம் சொல்லி அதை அடித்து வாங்கினார். நறுமணப் பொருள்களை மலபார் மண்ணிலிருந்தே எடுத்தார். பிராந்திக்காக மாகேக்கு அவர் போகவில்லை. முந்திரிப் பழத்தையும் கதலிப் பழத்தையும் ஊறவைத்துப் புளிக்கச் செய்த நாட்டு மதுவையே அதன் இடத்தில் சேர்த்தார். கேக்கில் மதுவின் வேலை உலர்ந்த பழத்தை ஊறவைத்து மென்மையாக்குவதும், மணம் ஊட்டுவதும், கெடாமல் காப்பதும் ஆகும். அந்த வேலை நடக்கிறதா என்பதையே அவர் பார்த்தார். அந்தப் பொருள் பிரான்சிலிருந்து வந்ததா என்பதை அவர் பார்க்கவில்லை.

1883 டிசம்பர் 20-ஆம் நாள் கேக்கைப் பிரவுன் முன் வைத்தார். பிரவுன் உண்டார், தாம் உண்டவற்றுள் மிகச் சிறந்தவற்றுள் இதுவும் ஒன்று என்று மகிழ்ந்தார், மேலும் ஒரு டஜன் கேக்கு வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். இந்தியாவில் இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக்கு அதுவே என்று தலைச்சேரி பெருமையோடு கொண்டாடி வருகிறது. கிறிஸ்துமஸ் என்பது ஏசுநாதர் பிறந்தநாள் அன்றோ? அப்படியானால் பாப்புவின் முதல் கேக்கும் ஒரு பிறந்தநாள் பண்டமே!

இங்கே நான் சற்று நின்று, அந்த மாணவரின் சொல்லை எண்ணிப் பார்க்கிறேன். பாப்பு செய்தது போலியா?

பிளம் கேக்கின் மூலத்தையே ஆராய்வோம். அதில் பிளம் பழம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் பிளம் என்றே பெயர் வழங்கிற்று. திராட்சை மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போயிற்று. சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து போயிற்று. ஏலமும் மிளகும் பட்டையும் நம் பக்கத்திலிருந்து போயின. பிறர் நாட்டுப் பொருள்களையெல்லாம் ஒன்றுசேர்த்து ஆங்கிலேயர் தமக்கென ஆக்கிக்கொண்ட பண்டத்தை, பாப்பு தம் நாட்டுப் பொருள்களைக் கொண்டு தமக்கென ஆக்கிக்கொண்டார். ஒன்றை மூலம் என்றும் மற்றொன்றைப் போலி என்றும் சொல்வது எப்படி?

இந்தப் பொருள்களின் வரலாற்றில் இனிப்பு மட்டும் இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. அஞ்சரக்கண்டித் தோட்டம் 1797-ஐ ஒட்டிக் கம்பெனியாரால் தொடங்கப்பட்டது. அதை முதலில் நடத்தியவர் இதே பெயர் கொண்ட முந்திய தலைமுறை மர்டாக் பிரவுன்; அவர் 1828-இல் மறைந்தார். அவர் காலத்தில் அத்தோட்டத்தில் அடிமைகள் வேலை வாங்கப்பட்டனர். திருவிதாங்கூரிலிருந்து, ஆம், நாம் கல்வி பயிலும் இதே நாட்டிலிருந்து, ஏழை மக்களும் குழந்தைகளும் கடத்திச் செல்லப்பட்டு அங்கே அடைக்கப்பட்டிருந்ததை 1811-இல் வட மலபாரின் நீதிபதியாக இருந்த பேபர் என்பவர் கண்டறிந்து பலரை விடுவித்தார். அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று இந்தியாவில் ஆனது 1843-இல்தான். தோட்டத்தின் முதலாளிகள் பெயர் ஏடுகளில் நிற்கிறது. பட்டை உரித்தவர் பெயரும், பங்களாக்களில் சமைத்தவர் பெயரும் பெரும்பாலும் நிற்கவில்லை. அந்த வரிசையில், கையால் உழைத்த ஒருவரின் பெயர் தப்பிப் பிழைத்து நம்வரை வந்திருக்கிறது. பாப்புவின் வரலாறு எனக்கு அருமையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இல்லாததற்கு ஈடாக இருப்பதை வைத்துப் புதியது காண்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் ஆல்பிரடு பேர்டு என்னும் மருந்து வணிகர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஒவ்வாது; ஈஸ்டும் ஒவ்வாது. மனைவியின்பொருட்டு அவர் 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டு மாவையும், 1843-இல் ஈஸ்டு வேண்டாத பேக்கிங் பவுடரையும் கண்டார். இன்று உலகெங்கும் கேக்கு பொங்குவது பெரும்பாலும் அந்த வகைப் பொடியினால்தான். கனடாவின் வான்கூவர் தீவில் நனைமோ என்னும் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்று உண்டு. அவ்வூரின் பெயரால் வழங்கும் மூன்றடுக்குப் பண்டத்துக்கு அடுப்பே வேண்டாம்: கீழே பிஸ்கோத்துத் தூளும் தேங்காயும், நடுவே கஸ்டர்டு மாவு கலந்த வெண்ணெய், மேலே சாக்லேட்டு. மருத்துவமனைக்கு உதவிய மகளிர் குழுவினர் 1952-இல் வெளியிட்ட சமையல் நூலில் அதன் முன்வடிவம் இடம் பெற்றது. வீட்டுப் பெண்கள் செய்த அந்தப் பண்டத்துக்குக் கனடா நாடு 2019-இல் அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. எங்கள் விடுதித் தட்டுக்கு இத்தனை உறவினர் உலகில் இருப்பது எனக்கு முன்பு தெரியாது!

பாப்புவின் தொழில் அவரோடு முடியவில்லை. வட மலபாரின் மருமக்கள் வழி முறைப்படி அது அவருடைய மருமகன் கோபாலின் பொறுப்பில் வந்தது என்பர். அடுத்தடுத்த தலைமுறையினர் கேரளத்தின் பல நகரங்களுக்கும் அதைக் கொண்டுசென்றனர். எர்ணாகுளத்தில் கொச்சின் பேக்கரி, கோட்டயத்தில் பெஸ்ட் பேக்கரி, நம் திருவனந்தபுரத்தில் சாந்தா பேக்கரி ஆகியவை அக்குடும்பத்தின் கிளைகளே. தலைச்சேரியில் மம்பள்ளி என்னும் பெயர் இன்றும் ரொட்டிக்கடையின் பெயராக விளங்குகிறது. இன்று கேரளத்தில் ரொட்டிக்கடை இல்லாத கடைத்தெரு அரிது. 2020 ஜனவரியில் கேரள ரொட்டிக்கடைக்காரர்கள் ஒன்றுகூடித் திருச்சூரில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கேக்கு ஒன்றைச் செய்து காட்டினர். கொல்லர் அடித்த ஓர் அச்சில் தொடங்கியது எவ்வளவு தூரம் வந்துவிட்டது!

பாப்பு நூல் எழுதவில்லை, மேடை ஏறவில்லை. அறியாத பண்டம் ஒன்றைச் செய்து தர வேண்டும் என்று கேட்டபோது, இயலாது என்று அவர் சொல்லவில்லை. தம்மிடம் இல்லாதவற்றைக் கண்டு நாணவும் இல்லை. தர்மடத்துக் கொல்லரையும் கதலிப் பழத்தையும் நம்பினார். தேர்வுக்கும் வேலைக்கும் அஞ்சி, இன்ன வசதி இல்லை, இன்ன நூல் இல்லை என்று குறை சொல்லிக் காலம் கழிக்கும் நம் போன்ற மாணவர்க்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு வேண்டுமா?

நண்பரின் பிறந்தநாள் இவ்வாண்டும் வந்துகொண்டிருக்கிறது. இம்முறை யாரும் அவரைக் கேட்கும்முன் அவரே என்னிடம் வந்து, தகரத் தட்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். ரொட்டிக்கடைப் பெரியவரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு சிரித்த மாணவரையும் அழைக்க எண்ணியிருக்கிறேன். அவருக்குத் துண்டு ஒன்று பெரிதாகவே வெட்டித் தருவேன். இந்த இதழையும் உடன் தருவேன். மறுமொழி சொல்ல எனக்கு ஓராண்டு ஆயிற்று. படிக்க அவருக்குக் கால்மணி போதும்.